சிறுத்தை நின்ற மலை

கான்வாஸ் வேனுக்குள் ஏறவில்லை. கதவைவிட அது ஒரு சாண் அகலம். அப்பா கந்தப்பன் மரச்சட்டத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க, ஜீவராணி துணியைச் சுருட்டிக் கம்பளியால் போர்த்தி, பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்பு வரை மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள்.

பத்து வருடங்களாக அவள் வரைந்ததெல்லாம் உள்ளங்கையளவுப் படங்கள்தான். பறவைக் கையேடுகள், சரணாலய அறிவிப்புப் பலகைகள். அலகு எங்கே வளைகிறது, எந்த இறகில் வெள்ளைக் கோடு, அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டும். பின்னணி எப்போதும் வெறும் வெள்ளை. அவளுக்கும் அதில் குறை இருக்கவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் தன் பெயரைப் பார்த்தாலே போதுமென்றிருந்தாள்.

போன வருடம் லீவில் தோட்டத்துக்கு வந்தவள், ஒருநாள் அம்மாவுக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினாள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் திடீரென்று நின்றன. மேலே பாறையில் ஒரு சிறுத்தை.

"யாரும் ஓடாதீங்கடி. அதுவா போயிரும்," என்றாள் அம்மா காளியாயி, குரலை உயர்த்தாமல்.

யாரும் ஓடவில்லை. சிறுத்தை அந்தப் பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. பிறகு வந்த வழியே காட்டுக்குள் இறங்கிப் போனது.

அன்று மாலை ஜீவராணி அதை வழக்கம்போல் வரைந்தாள். புள்ளிகள் சரி, மீசை சரி. ஆனால் வெள்ளைத் தாளில் நின்ற அந்தச் சிறுத்தை எதையுமே பார்க்கவில்லை. இரவெல்லாம் அது அவளை உறுத்தியது. மறுநாள் தோட்டத்தில் பூட்டிக்கிடந்த, முன்பு கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பழைய பிள்ளைக்காம்பராவைக் கேட்டு வாங்கி, மரச்சட்டத்தில் அடித்த பெரிய கான்வாஸ் துணியொன்றைச் சுவரில் சாய்த்தாள். லீவு முடிந்தும் திரும்பிப் போகவில்லை.

"கைல இருந்த நல்ல வேலைய விட்டுட்டு செவத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறியே," என்று திட்டிய காளியாயிதான், மலையிலிருந்து இறங்கி வந்த களைப்போடு, கூடையைக் கழற்றாமல் அவள் வரைவதற்காக அசையாது நின்றாள்.

கொழும்புக் காட்சிக்கூடத்தில் படங்களைப் பார்த்துத் தெரிவுசெய்பவள் மதுரா, யாழ்ப்பாணத்துப் பெண். படத்தை விரித்ததும், மேலே பாறையில் நின்ற சிறுத்தையிலிருந்து கீழே கூடையோடு நின்ற பெண்கள் வரை பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு. ஆனா கீழ்ப்பக்கத்தை மடிச்சு விடுவமே? சிறுத்தை மட்டும் நிண்டா இன்னும் எடுபடும்."

இங்கே வேண்டாமென்றால் வேறெங்கே போவது என்று ஜீவராணிக்குத் தெரியாது.

"இல்லங்க. அவங்க இல்லாட்டி அது யாரப் பாக்குது? மடிக்கணும்னா நான் திருப்பி எடுத்துட்டுப் போயிர்றேன்."

மதுரா மறுபடியும் சிறுத்தையின் கண்களைப் பார்த்தாள். அவை நோக்கும் திசையில் நின்ற பெண்களைப் பார்த்தாள்.

"அப்ப நடுச்சுவரிலயே மாட்டுவம்," என்றாள்.

திறப்பு விழாவன்று, தோட்டத்துப் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பளபளத்த தரையில் செருப்போடு நடக்கலாமா என்று வாசலில் கொஞ்சம் தயங்கினார்கள். படத்தைக் கண்டதும் தயக்கம் போய்விட்டது. "அடியே, நம்ம பிரியந்திடி!" என்று படத்தில் ஒரு முகத்தைக் காட்டி ஒருத்தி கத்த, கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்னால் நின்ற கனவான்கள் தாமாகவே வழி விட்டார்கள்.

அவர்களில் ஒருவர், படத்தில் நடுவில் நிற்பது யாரென்று சிங்களத்தில் கேட்டார். காளியாயி அவருக்குச் சிங்களத்தில் பதில் சொன்னாள். பிறகு, அவருக்குப் புரிகிறதோ இல்லையோ, தமிழிலும் சொன்னாள்:

"நான்தான். வரைஞ்சது எம் மக."

சொல்லிவிட்டு, படத்தில் இருந்த தன் முகத்தை நோக்கிக் கையை நீட்டினாள். கொழுந்துக் கறை ஏறிய அந்த விரல், படத்துக்கு ஒரு நூல் இடைவெளியில், தொடாமல் நின்றது.