டொரன்டோவா, ஹாலிஃபாக்ஸா

அமெரிக்காவில், டெக்சாஸின் இர்விங்கில் இருந்த மஹ்ஜபீனுக்குக் கனடாவில் பப்ளிக் ஹெல்த் மேற்படிப்புக்கு இரண்டு இடங்களில் அட்மிஷன் வந்திருந்தது. ஹாலிஃபாக்ஸுக்கு அவளே அப்ளை பண்ணியிருந்தாள். டொரன்டோவுக்கு அவள் அத்தா அப்துல் கனி பிடித்த ஏஜென்ட் பண்ணியிருந்தான். டொரன்டோதான் என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள்.

சம்மதம் சொல்ல லாகின் பண்ணியபோதுதான், ஏஜென்ட் விண்ணப்பத்தோடு அவள் பெயரில் அனுப்பிய கட்டுரையைப் பார்த்தாள். ‘என் தாய் காசநோயில் இறந்த அன்று இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன்’ என்று தொடங்கியது.

அம்மா ஷம்சாத் எதிரே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

மஹ்ஜபீன் லேப்டாப்பை அப்துல் கனி பக்கம் திருப்பினாள். “அத்தா, இது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா. எல்லாரும் இப்படித்தான் பண்றாங்களாம்.”

ஷம்சாத் வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். “செத்தது நான்தானே? எனக்கே பரவாயில்ல. நீ டொரன்டோ போ.”

அந்தச் சிரிப்பு மஹ்ஜபீனுக்கு அருவருப்பாக இருந்தது. அவள் வாலண்டியராகப் போகும் கிளினிக்கில், காசநோய்க்கு மனைவியைப் பறிகொடுத்தவர் ஒருவர் மாத்திரை வாங்க வருவார். அவர் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

கட்டுரை பொய், இடம் வேண்டாம் என்று டொரன்டோவுக்கு எழுதினாள். ஹாலிஃபாக்ஸுக்குச் சம்மதம் அனுப்பினாள். அத்தா ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை. அவளுக்கும் அவரிடம் பேசப் பிடிக்கவில்லை.