துருவனோடு போகிறேன்

அரிசி மூட்டைக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த நோட்டை அண்ணன் எடுத்துவிட்டான். முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தேன்: "துருவனோடு போகிறேன். வெள்ளிக்கிழமை விடியலில் புறப்படுகிறோம். யாரும் என்னைத் தேட வேண்டாம்."

சாயங்காலத்துக்குள் அம்மாவின் அண்ணன் தொம்மை மாமா விழுப்புரத்திலிருந்து வந்து இறங்கிவிட்டார். சட்டைப்பையில் ஒரு மாப்பிள்ளையின் போட்டோ. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிந்ததும் பெண் பார்க்க வருகிறார்களாம்.

"யாருடி அந்தத் துருவன்?" என்று அண்ணன் ஜெனித் கத்தினான். "திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பூரா விசாரிச்சிக்கினு வர்றேன். ஒருத்தனுக்கும் தெரியல."

நாலு பேர் எதிரில் எனக்கு என்றைக்குமே பேச்சு வராது.

பத்தாவதோடு என்னை நிறுத்திவிட்டு அண்ணனை டிப்ளமாவில் சேர்த்தார்கள். நான் பழைய பேப்பர் கடைக்கு வேலைக்குப் போனேன். செய்தித்தாள் தனி, நோட்டு தனி, புத்தகம் தனி என்று பிரிக்க வேண்டும். அட்டை கிழிந்த விண்வெளிக் கதை எது வந்தாலும் கடைக்கார அக்கா எனக்கே கொடுத்துவிடுவார்.

அந்தக் கதைகளில் பெண்கள் கதவைத் தட்டிவிட்டுக் காத்து நிற்பதில்லை. சுட்டுத் திறக்கிறார்கள். கிரகம் வெடிக்கப் போகும்போது, "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எவளும் சொல்வதில்லை. ஒருத்தி எதிரியின் கப்பலையே திருடிக்கொண்டு போகிறாள், போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டு. மல்லாட்டையை உரித்துக் கடலையை வாயில் போட்டபடி படித்தால், தலைக்கு மேல் தகரக் கூரை கொதிப்பதே தெரியாது. கடைசிப் பக்கங்கள் இல்லாத கதைகளுக்கு நானே முடிவு எழுதினேன். அப்புறம் முழுக்கதையும் என்னுடையதாகவே எழுதத் தொடங்கினேன்.

"ஒரு நோட்டு இல்லண்ணா, ஏழு நோட்டு," என்றாள் அம்மா. "எல்லாத்துலயும் அவன் பேருதான்."

மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "'துருவன் என் பேச்சை மட்டும்தான் கேட்பான்.' கேப்பானாம்! கட்டுறதுக்கு முன்னாடி எவன்தான் கேக்க மாட்டான்?"

அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். "என் மானம் கப்பலேறிப் போச்சே!"

"கப்பல்தாம்மா," என்றேன்.

"என்னாது?"

"துருவன் பையன் இல்ல. கப்பலு. விண்வெளில போற கப்பலு. நான்தான் ஓட்டுறேன்."

மாமா பக்கத்தைப் புரட்டினார். "'துருவனின் வயிற்றுக்குள் அறுபது பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.'" நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முதலில் அண்ணன்தான் சிரித்தான். அப்புறம் மாமா. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அந்தோணியாரே! கப்பலாம்!" என்று சிரித்தாள்.

"சும்மா பேஜாரு பண்ணிட்டாளே," என்றார் மாமா அம்மாவிடம். "கட்டிக் குடுத்தா எல்லாம் சரியாப் போயிடும். நோட்ட அடுப்புல போடு, மேரி."

அந்தச் சிரிப்புதான் என்னைச் சுட்டது. பையன் என்றால் விழுப்புரத்திலிருந்து ஆள் வரும் அளவுக்குப் பயம். கப்பல் என்றால் அடுப்பு.

"சிரிக்காதீங்க மாமா. பையன்கூடப் போயிருந்தா இழுத்துக்கினு வந்திருப்பீங்க. இதுல போனா எப்டி இழுப்பீங்க?"

"வாயப் பாரு," என்றபடி அவர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டார். "ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க, பொண்ணு சும்மா கதை எழுதுதாம். நீங்க ஞாயித்துக்கிழமை..."

நான் போனைப் பிடுங்கினேன்.

"நான் வெனிலா பேசறேங்க. நீங்க வர வேணாம். எனக்கு இப்ப கல்யாணத்துல இஷ்டம் இல்ல."

அந்தப் பக்கம் ஒரு அம்மா, "நல்லதாப் போச்சு, முன்னாடியே சொன்னியே," என்று வைத்துவிட்டார்.

மாமாவின் மடியில் இருந்த ஏழு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டேன். அம்மா கையை ஓங்கினாள். நான் நகரவில்லை. ஓங்கிய கையால் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளில், கூடத்தின் நடுவில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து, துருவனை மூன்று கிரகங்கள் தாண்டிக் கொண்டுபோய்விட்டேன்.