கயிற்றின் மேல்முனை

துறைமுக வாசலில் காவலர் பஸ்ஸின் அடியில் கண்ணாடியை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் போட்டு உட்கார்ந்திருந்த முத்துச்செல்வம், முகத்தைத் திருப்பாமலே, சாயங்காலத்துக்குள் ஒரு பதில் வேண்டும் என்றார். இறந்துபோன என் மனைவி பானுப்ரியாவின் அண்ணன் அவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர்.

"அம்மை நேத்தும் அழுதா மாப்ள. தை முடிய இன்னும் பதினோரு நாளுதான் கெடக்கு. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. ஒரு வார்த்த சொல்லிருங்க."

கேள்வி செல்வராணியைப் பற்றியது. பானுவின் தங்கை. இருபத்துநான்கு வயது. பானு இறந்து வருகிற மாசியோடு ஒரு வருஷம் நிறைகிறது. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் ஒரு கல்யாணம் நடந்துவிட வேண்டும், தவறினால் மூன்று வருஷம் பந்தல் போடக் கூடாது என்பது ஆறுமுகநேரியில் என் மாமியார் வீட்டு வழக்கம். மூன்று வருஷத்தில் செல்வராணிக்கு இருபத்தேழு ஆகிவிடும். வெளியே மாப்பிள்ளை தேட நாளில்லை. நான் இருக்கிறேன். படித்தவன். குடிப்பதில்லை. பெண்டாட்டியை நன்றாக வைத்திருந்தவன் என்று பெயர் எடுத்தவன்.

சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். சரி என்று சொல்வதாகத்தான் இருந்தேன். ஆசையால் அல்ல. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். சம்மதித்தால் யாரும் காரணம் கேட்பதில்லை.

சுற்றுலாக் கப்பல் தூத்துக்குடிக்கு எப்போதாவதுதான் வருகிறது. நிலக்கரிக் கப்பலுக்கும் காற்றாலை இறக்கை ஏற்றும் கப்பலுக்கும் நடுவே, சீரியல் விளக்கு அணைத்த கல்யாண மண்டபம் போல அது நின்றது. வெள்ளைக் காலணிகளோடு கிழவர்களும் கிழவிகளும் கரித்தூளில் இறங்கினார்கள். எட்டு மணி நேரம் இருப்பார்கள். என் பஸ்ஸுக்கு முப்பத்திரண்டு பேர். எண் எழுதிய அட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். எம்.ஏ. வரலாறு படித்தது இதற்குத்தான். பஸ்ஸின் இடதுபக்கம் சாக்கடை வரும்போது வலதுபக்கம் கையைக் காட்டி மாதா கோவில் கோபுரத்தைப் பற்றிப் பேச வேண்டும். சரியான இடத்தில் கையைக் காட்டத் தெரிந்தவன் நல்ல கைடு. நான் நல்ல கைடு.

உப்பளத்தில் முதலில் நிறுத்தினோம். பாத்திக்குள் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களை எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். முத்துச்செல்வம் பஸ்ஸின் நிழலில் நின்று பல் குத்திக்கொண்டே பார்த்தார். பானு இறக்கும்வரை அவர் உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு நான்தான் இந்த டூர் கம்பெனியில் சேர்த்துவிட்டேன்.

"கப்பலேறி வெயில் காய வந்திருக்கானுவ பாருங்க மாப்ள" என்றார். "எங்க அப்பன் இதுக்குள்ளயே நின்னு காலு வெந்து செத்தாரு. ஒரு பய போட்டோ எடுக்கல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். அவரோடு சிரிப்பது எளிது. அதுதான் கஷ்டம்.

சென்ற மாசியில் ஒரு கப்பல் வந்தது. அன்றுதான் பானு இறந்தாள். ஏழு வாரக் கரு. அது கர்ப்பப்பையில் இல்லை, குழாயில் தங்கியிருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. காலையில் வயிறு வலிக்கிறது என்றாள். ஓமத்தண்ணீர் குடி, சாயங்காலம் டாக்டரிடம் போவோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பதினொன்று பத்துக்கும் பதினொன்று நாற்பதுக்கும் நடுவில் ஆறு தடவை என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் எடுக்கவில்லை. வேறு யாரையும் அவள் கூப்பிடவில்லை. நான் எடுப்பேன் என்றே இருந்திருக்கிறாள். மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு முத்துக்கனி அக்கா ஆள் வைத்துக் கதவை உடைத்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவளுடைய போனை என்னிடம் கொடுத்தார்கள். ஆறுமுகநேரியிலிருந்து மச்சான் வந்து சேர்வதற்குள், வராந்தாவில் நின்று, அந்த ஆறு அழைப்புகளையும் அழித்தேன். முதலில் அவள் போனில். பிறகு என் போனில்.

பதினாறு முடிந்து மச்சான் அந்தப் போனைத் திறந்து பார்த்தார். யாரையும் கூப்பிடக்கூட நேரம் இல்லாமல் பிள்ளை போய்விட்டாள் என்றார். மாமியார் அதை, வலி தெரியாமல் போனாள் என்று மாற்றிக்கொண்டார். துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னார். பதினோரு மாதமாக அந்த வீட்டில் இருக்கிற ஒரே ஆறுதல் அது. நான் செய்து கொடுத்தது.

பதினொரு மணிக்குக் கடற்கரைச் சாலையில், முன்பு சங்கு சேமித்து வைத்த ஒரு பழைய கிட்டங்கிக்கு வந்தோம். அதன் முற்றத்தில்தான் வரவேற்பு. வாசலில் செல்வராணி சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டோடு நின்றாள். அவள் பி.காம். படித்தவள், ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வெளிநாட்டுக்காரர்களின் மெயிலுக்கு நாள் முழுக்கப் பதில் எழுதுகிறவள். பொட்டு வைக்கிற பெண் வரவில்லை என்று சொல்லி, அவளை லீவு போட வைத்து இங்கே கொண்டுவந்து நிறுத்தியது மச்சான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. மாமியார் பங்குக்கு, பானுவின் கடுகு நிறச் சேலையை அவளுக்கு உடுத்திவிட்டு அனுப்பியிருந்தார். ரவிக்கை பெரிதாக இருந்தது. தோளில் ஊக்கு போட்டுப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்கிய ஒரு ஆஸ்திரேலியக் கிழவி, டோரிஸ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவள், அந்த அழகான பெண் யார் என்று முத்துச்செல்வத்திடம் கேட்டாள். அவர் என்னைக் காட்டி, "கைடு ஒய்ஃப்" என்றார். நான் முறைத்ததும் கண்ணடித்தார்.

"ஆகப்போறதுதான மாப்ள. பத்து நாளு முன்ன பின்ன."

பிறகு பஸ்ஸைத் திருப்பி நிறுத்தப் போய்விட்டார்.

முற்றத்தில் ஒரு மேசை. அதன் மேல் கிளிஞ்சல்கள், முத்துக் குளிப்பவர்கள் காலில் கட்டி இறங்கிய கல், ஒரு சுருள் கயிறு. நான் பேச ஆரம்பித்தேன். பாண்டியர்கள், போர்ச்சுக்கீசியர்கள், டச்சுக்காரர்கள். சிப்பி குறைந்து அறுபது வருஷத்துக்கு முன்பே முத்துக்குளிப்பு நின்றுபோனது. கல்லைத் தூக்கிக் காட்டினேன். கயிற்றைத் தொடவில்லை. கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று முடித்தேன்.

டோரிஸ் கையைத் தூக்கினாள். போன வருஷமும் இதே கப்பலில் வந்ததாகச் சொன்னாள். கயிற்றின் கதையை நீ சொல்லவே இல்லையே என்றாள்.

சொன்னேன். நூறு தடவை சொன்னதுதான். கடலுக்குள் இறங்குகிறவனின் இடுப்பில் கட்டிய கயிற்றின் மேல்முனையைத் தோணியில் இருந்து பிடிக்கிறவன், அவன் மனைவியோடு பிறந்தவனாக இருக்க வேண்டும். கூடப்பிறந்தவனுக்குச் சொத்தில் பங்கு உண்டு, அவனை நம்ப முடியாது. தகப்பனுக்குக் கை நடுங்கும். தன் தங்கை தாலி அறுக்கக் கூடாதே என்ற கவலை மச்சானுக்கு மட்டும்தான். கீழே மூச்சு முடிகிறபோது அவன் கயிற்றை அசைப்பான். மேலே இருக்கிறவன் அந்த நிமிஷமே இழுக்க வேண்டும். பராக்குப் பார்க்கக் கூடாது. யாரோடும் பேசக் கூடாது. செய்தி வாசிக்கிற மாதிரி சொல்லி முடித்தேன்.

டோரிஸுக்குத் திருப்தி இல்லை. அவள் திரும்பி, பக்கத்தில் தட்டோடு நின்ற செல்வராணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். போன தடவை இதைவிட நன்றாக இருந்தது என்றாள். உன் கணவன், கீழே இருப்பவன் கயிற்றை அசைப்பான் என்று சொல்லும்போது சரியாக மேசையில் இருந்த அவன் போன் அதிர்ந்தது. கிளிஞ்சல் எல்லாம் கலகலவென்று ஆடின. அவன் அதை அமர்த்தினான். மறுபடி அதிர்ந்தது. எல்லாரும் சிரித்தோம். திரும்பத் திரும்ப அதிர்ந்தது. கடைசியில் போனைத் தூக்கி எங்களுக்குக் காட்டி, பாருங்கள், என் மனைவி கீழேயிருந்து கயிற்றை அசைக்கிறாள், எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்கிறாள் பார்ப்போம் என்று சொல்லி, அணைத்து வைத்தான். கப்பலுக்குப் போகும்வரை சிரித்தோம். ஊரில் எல்லாரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். அந்த மனைவி நீதானா? அன்று சாயங்காலம் அவனை நன்றாகத் திட்டினாயா?

செல்வராணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோதிரவிரலில் குங்குமம் இருந்தது. அது எத்தனை மணி இருக்கும் என்று நல்ல ஆங்கிலத்தில் கேட்டாள். சாப்பாட்டுக்கு முன்னால், பதினொன்று பதினொன்றரை என்றாள் டோரிஸ். ஆமாம், திட்டினேன் என்று செல்வராணி சொன்னாள். குனிந்து, கிழவியின் இரண்டு புருவத்துக்கும் நடுவில், சிந்தாமல், வட்டமாகப் பொட்டு வைத்தாள்.

பயணிகள் சங்கு வளையல் கடைக்குள் போனார்கள். அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் அந்தக் கல் கிடந்தது.

"எத்தன தடவ அத்தான்?"

"ஆறு."

"போன்ல ஒண்ணும் இல்லியே."

கொஞ்ச நேரத்தில் அவளுக்கே புரிந்தது. அது அவள் முகத்தில் ஏறுவதைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அண்ணங்கிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "தெரிஞ்சா அம்மை பொறவு இருக்க மாட்டா. ஆனா நீங்க இன்னைக்கு வேண்டாம்னு சொல்லணும். ஏன்னு கேட்டா என்னத்தையாவது சொல்லுங்க. பொண்ணு கருப்புன்னு சொல்லுங்க."

சரி என்றேன்.

"என்னைய ஒருத்தரும் கேக்கல அத்தான். நீங்களும்தான்."

கடை வாசலில் இரண்டு பேர் பொட்டு வைத்துக்கொள்ளக் காத்திருந்தார்கள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். மத்தியானத்துக்கு முன்பே ஆட்டோ பிடித்து ஆபீஸுக்குப் போய்விட்டதாக மச்சான் சொன்னார். அவருக்கு அதில் வருத்தம். வெட்கப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

நாலரைக்கு எல்லாரையும் கப்பலடியில் இறக்கினோம். தலையை எண்ணி ஒப்படைத்தேன். டோரிஸ் படியில் நின்று, மனைவியைக் கேட்டதாகச் சொல் என்று கையசைத்தாள். முப்பத்திரண்டு பேரும் வெள்ளைச் சுவருக்குள் போனார்கள். பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேர். ஏசிக்காக இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முத்துச்செல்வம் சீட்டிலிருந்து முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க."

வேண்டாம் மச்சான் என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று தயாராக இருந்தேன். நன்றி இல்லாதவன் என்பார், அவளுக்கு என்ன குறை என்பார். கருப்பு என்ற சொல்லைக்கூட நாக்கில் வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியது. எழுந்துவந்து என் வலதுகையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் மாப்ள. நான்தான் அம்மைகிட்ட சொன்னேன், அவரு ஒத்துக்கிட மாட்டாருன்னு. இன்னொருத்தன்னா கருமாதி முடியுமுன்ன பொண்ணு பாத்திருப்பான். எங்க பானு குடுத்து வச்சவ."

கையை விடவில்லை. செல்வராணி கேட்டது நடந்துவிட்டது. அவள் தப்பித்துவிட்டாள். மாமியாரின் ஆறுதல் அப்படியே இருக்கிறது. நானும் இருக்கிறேன், முன்பைவிட ஒரு படி உயரத்தில். வருஷாவருஷம் பானுவின் நினைவுநாளில் இந்தக் கை இப்படி என் கையைப் பிடிக்கும். உப்பு வேலையில் தோல் உரிந்து மூடிய சொரசொரப்பான கை. உண்மைக்காகச் சொன்னேனா, அந்தக் கை விட்டால் போதும் என்று சொன்னேனா, இப்போதும் தெரியவில்லை.

"அன்னைக்கு அவ என்னைக் கூப்பிட்டா மச்சான். ஆறு தடவ. நான் போன அணைச்சுட்டேன். ஆஸ்பத்திரில வச்சு எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

கை உடனே விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் என்னைத் தாண்டிப் பின்னால் நடந்தார். தினமும் சவாரி முடிந்ததும் செய்கிற வேலைதான். யாராவது எதையாவது மறந்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்று ஒவ்வொரு வரிசையாக இடமும் வலமும் பார்த்துக்கொண்டே போனார். ஒரு சீட்டில் கிடந்த தொப்பியை எடுத்துத் தட்டி, பக்கத்துச் சீட்டில் வைத்தார். கடைசி வரிசைக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். சீட்டுகளின் முதுகுக்கு மேல் அவர் தலைமுடி மட்டும் தெரிந்தது.

பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. கப்பலடி ஆள் ஒருவர் ஓடிவந்து முன்கண்ணாடியில் தட்டி, எடு எடு என்று கையைக் காட்டினார். ஆள் இல்லாத டிரைவர் சீட்டைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இன்ஜின் அதிர்வில் அந்தச் சீட்டின் மர மணி கோத்த விரிப்பு மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.