ஆயிரத்து ஐந்நூறாவது நாள்

குளியலறைக் கதவைக் கழற்றினால் ஒழிய மெர்லை வெளியே கொண்டுவர முடியாது என்று சடலத்தை எடுத்துப்போக வந்த இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். ட்ரெய்லரின் படுக்கையறையிலிருந்து வாசலுக்குப் போகும் வழி ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் அகலம்தான். லவோன் ஸ்குரூடிரைவரைத் தேடினாள். எது எங்கே இருக்கிறது என்பது மெர்லுக்கு மட்டுமே தெரியும். மூன்று இழுப்பறைகளை இழுத்துப் பார்த்த பிறகு நான்காவதில் கிடைத்தது. "என் சாமானைத் தொடாதே" என்று நாற்பத்தாறு வருடம் சொன்ன கணவன் இப்போது போர்வைக்குள் ஒன்றும் சொல்லாமல் கிடந்தான்.

கதவைக் கழற்றி, அவனைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு வழியாக இறக்கினார்கள். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. நான்கு நாளாக முகம் காட்டாத சூரியன், அரிசோனாவில் மழைக்காலம் வந்துவிட்டதோ என்று எல்லோரையும் கவலைப்பட வைத்த சூரியன், அன்று காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. கூரையிலிருந்த ஆறு சோலார் பலகைகளும் மும்முரமாக வேலை செய்தன. சுவரில் பேட்டரி மீட்டர் ஏறிக்கொண்டே போனது. லவோனுக்கு அதைக் கல்லால் அடித்து உடைக்க வேண்டும் போலிருந்தது.

ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து வந்த இளைஞன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்பினான்.

"நிரந்தர முகவரி சொல்லுங்கம்மா."

"சவுத் டகோட்டா."

"அங்க வீடு இருக்கா?"

"தபால் பெட்டி இருக்கு. ஒரு ராத்திரி தங்கி ரசீது வாங்கினோம். அது போதும்னு அந்த முகவரிக்கு லைசென்ஸ் குடுத்தாங்க."

"அப்போ வீடு?"

லவோன் ட்ரெய்லரின் தகரத்தை விரலால் தட்டிக் காட்டினாள். அவன் எதையோ எழுதினான். பிறகு தயங்கி, "ஆக்ஸிஜன் மிஷின் நின்னுருக்கு. கரன்ட் போனா அதுல ஒரு அலாரம் கத்துமேம்மா" என்றான்.

"கத்தியிருக்கும். நான் தூங்கிட்டேன்."

அவன் அதை எழுதவில்லை. எழுதியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஐடஹோவில் வீட்டை விற்று இந்த ட்ரெய்லரை வாங்கியபோது, "ஒரே ஒரு குளிர்காலம், லவோன். பிடிக்கலைன்னா திரும்பிடலாம்" என்றுதான் மெர்ல் சொன்னான். அந்தக் குளிர்காலம் ஐந்து வருடம் ஓடியது. முதல் வருடம், ட்ரெய்லர் நிறுத்த மின் இணைப்போடு இடம் வாடகைக்கு விடும் பூங்காக்களில் மற்றவர்களைப்போலத் தங்கினார்கள். ஒரு நாள் அவன் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, ட்ரெய்லரை இழுக்கும் டிரக்கின் பின்பெட்டியில் எறிந்தான். இனிமேல் அரசாங்க நிலம்தான், சூரியன்தான், யாருக்கும் தலைகுனிய வேண்டாம் என்றான். அன்று மாலை சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போட்டான். அதற்குப் பிறகு தினமும் பொழுது சாயும்போது ஒரு கோடு. ஒயர் கூடாது, ஜெனரேட்டர் கூடாது, டிரக் எஞ்சினை ஓட்டி பேட்டரியை நிரப்புவதும் கூடாது. அது கள்ளாட்டமாம். ஜெனரேட்டரை, தங்களைப்போல வண்டியில் வாழ்பவர்களின் கூட்டம் ஒன்றின் நடுவே வைத்து, வந்த விலைக்கு விற்று, கைதட்டல் வாங்கினான். அந்தக் கைதட்டலில்தான் அவனுக்கு 'கேப்டன்' என்று பெயர் வந்தது.

பதினாலு நாளுக்கு மேல் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது என்பது அரசாங்க நிலத்தின் சட்டம். பதினாலாவது நாள் கிளம்பி இருபத்தைந்து மைல் தள்ளிப் போய் நிற்க வேண்டும். அப்படி நூறு தடவைக்கு மேல் இடம் மாறியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் மெர்ல் ஓட்டுவான். லவோன் பின்னால் போய் நின்று இடது, வலது, நிறுத்து என்று கை காட்டுவாள். எப்படிக் காட்டினாலும் திட்டு விழும். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை வேடிக்கை பார்ப்பார்கள்.

போன வசந்தத்தில் அவன் நுரையீரல் கைவிட ஆரம்பித்தது. ராத்திரி முழுக்க மிஷின் ஓட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அந்த மிஷின் மின்சாரத்தை ஆனை மாதிரித் தின்னும். வெயில் இருந்தால் சமாளிக்கலாம். இந்த நான்கு நாளில் சமாளிக்க முடியவில்லை. இருபத்திரண்டு மைலில் டவுன், அங்கே ஒயர் உள்ள பூங்கா. நேற்று முன்தினம் அவள் கெஞ்சினாள்.

"ஆயிரத்து ஐந்நூறுக்கு நாலே நாள்டி. அதுக்கப்புறம் நீ எங்க சொல்றியோ அங்க வர்றேன்."

"நாலு நாள்ல நீ செத்துட்டா?"

"சாகமாட்டேன்."

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. ராத்திரி மின்சாரம் தீர்ந்தால் அலாரம் கத்தும். கத்தினால் லவோன் எழுந்து டிரக்கை ஸ்டார்ட் செய்து பேட்டரிக்கு ஏற்றுவாள். எண்ணிக்கை அத்துடன் முடிந்தது; மெர்ல் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவன் தலையசைத்தான். தலையசைத்ததை அவள் நம்பினாள். டிரக் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, சத்தம் கேட்கும் தூரத்தில் சோபாவில் படுத்தாள். ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றேழாவது கோடு போட்ட இரவு அது.

விடிந்தபோது எந்தச் சத்தமும் இல்லை. இன்வெர்ட்டர் அணைந்திருந்தது. ஒருமுறை அணைந்தால் பொத்தானை அழுத்தினால்தான் அதற்கு மறுபடி உயிர் வரும். அவள் அதை அழுத்தவில்லை. யாருக்காக அழுத்துவது?

அன்று மாலை ஆர்லன் வந்தான். பக்கத்துப் புதருக்கு அப்பால் வேனில் வசிப்பவன், மெர்லைப் பார்த்துத் தானும் எண்ண ஆரம்பித்தவன், அறுநூற்றுச் சொச்சத்தில் இருந்தான். அவன் மனைவி ட்வைலா ஒரு பாத்திரம் நிறைய பீன்ஸும் சோள ரொட்டியும் கொண்டுவந்தாள். சாப்பிடச் சொல்லிக் கெஞ்சவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, கழற்றிய கதவைத் தூக்கி மறுபடி மாட்ட ஆரம்பித்தாள்.

ஆர்லன் தொண்டையைச் செருமினான். "லவோன், தப்பா எடுத்துக்காத. எல்லாரும் சேர்ந்து பேசினோம். கேப்டன் மூணே நாள் பாக்கி வச்சுட்டுப் போயிட்டார். அதை நாம முடிக்கணும். இந்த வண்டி இன்னும் மூணு நாள் ஒயர் படாம இங்கயே நிக்கட்டும். பதினாலு நாள் கணக்கப் பத்தி ரேஞ்சர்கிட்ட பேசிட்டேன், அவர் ஒண்ணும் சொல்லமாட்டார். மூணாம் நாள் சாயங்காலம் எல்லாரும் வருவோம், நெருப்பு மூட்டி உக்காருவோம். நீ கடைசிக் கோடு போடு."

"அவளத் தூங்க விடேன், ஆர்லன்" என்றாள் ட்வைலா, ஸ்குரூவை வாயில் கவ்வியபடி.

"நான் அவர் ஆசையச் சொல்றேன்."

லவோன் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலாரம் கத்தியிருக்கிறது. எட்டடி தூரத்தில் படுத்திருந்தவள் மரக்கட்டை மாதிரித் தூங்கியிருக்கிறாள். அவன் மூச்சுக்குத் தவித்து அவளைக் கூப்பிட்டும் இருக்கலாம். அதற்கு இந்த மூன்று கோடாவது ஈடாகட்டும்.

"சரி" என்றாள்.

"இன்னிக்குக் கோட்ட நான் போடட்டுமா?"

அவள் அலமாரிக் கதவைத் திறந்துவிட்டாள். ஆர்லன் பென்சிலைத் தேடினான். அது எப்போதும் மெர்லின் சட்டைப்பையில் இருக்கும். சட்டை மெர்லோடு போய்விட்டது. ட்வைலா தன் கைப்பையிலிருந்து ஒரு நீலப் பேனா எடுத்துக் கொடுத்தாள். ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றேழு சாம்பல் நிறக் கோடுகளுக்குப் பக்கத்தில் அந்த நீலக் கோடு ஒட்டாமல் நின்றது. ஆர்லன் அதன் முன்னால் தலைகுனிந்து நின்றான். அவன் அழுததை லவோன் பார்த்தாள். அவளுக்குத்தான் இன்னும் அழுகை வரவில்லை.

மறுநாள் காலை டிரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனாள். சடலம் எரிக்கும் நிறுவனத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர் நாலு தாளில் கையெழுத்து வாங்கினார். சாம்பல் வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்றார். பிறகு ஒரு பழுப்பு உறையை மேசைமேல் வைத்தார்.

"அவர் பாக்கெட்ல இருந்ததும்மா. சரிபார்த்துக்குங்க."

லவோன் உறையைக் கவிழ்த்தாள். கைக்கடிகாரம். கல்யாண மோதிரம். துண்டுப் பென்சில். கூடவே சதுரமாக ஒரு சின்ன பேட்டரி, தலையில் இரண்டு குமிழ்கள்.

"இது அவரோடதா?"

"சட்டைப்பைல பென்சிலோட இருந்துச்சு."

அவள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். போன வசந்தத்தில் மிஷினைக் கொண்டுவந்து இறக்கிய பெண் அதன் முதுகைத் திறந்து காட்டியது ஞாபகம் வந்தது. மின்சாரம் போனால் அலாரம் எதில் கத்தும் என்று லவோன்தான் கேட்டாள். இதோ, இந்தச் சதுர பேட்டரியில்தான், இதைக் கழற்றிவிட்டால் மிஷின் ஊமை என்று அந்தப் பெண் சொன்னாள்.

தலையசைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் தடவிக் கழற்றியிருக்கிறான். "நல்லாத் தூங்கு, லவோன்" என்று சொன்னதுகூட அதற்குப் பிறகாகத்தான் இருக்கும். அவள் தூங்கித் தவறவிடவில்லை. அலாரம் கத்தவேயில்லை. பொண்டாட்டியின் கையில் தோற்பதைவிட மூச்சு முட்டிச் சாவது மேல் என்று நினைத்திருக்கிறான். இல்லை, சாகமாட்டோம் என்றே நினைத்திருப்பான். அவன் எப்போதும் அப்படித்தானே.

"தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்றார் அந்த மனிதர்.

"வேண்டாம்" என்றாள். மோதிரத்தையும் கடிகாரத்தையும் உறைக்குள் போட்டாள். பேட்டரியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

முகாமுக்குத் திரும்பியதும் கோட்டைக் கழற்றாமலே வேலையை ஆரம்பித்தாள். ட்ரெய்லரை நான்கு மூலையிலும் தாங்கி நின்ற முட்டுக்கால்களைத் திருகி மேலே ஏற்றினாள். டிரக்கைப் பின்னால் எடுத்து, இறங்கிப் பார்த்து, மறுபடி எடுத்து, ஐந்தாவது தடவை ட்ரெய்லரின் கொக்கியை டிரக்கின் இணைப்புக் குண்டின் மேல் உட்கார வைத்தாள். சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினாள். நூறு தடவை பக்கத்தில் நின்று பார்த்த வேலை. தொடத்தான் விடவில்லை, பார்க்காதே என்று யாரும் சொல்லவில்லை.

நெருப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்த ஆர்லன் ஓடி வந்தான். "எங்க போற?"

"டவுனுக்கு. பூங்காவுக்கு."

"ஒயர் போடவா? இன்னிக்கும் நாளைக்கும்தான் லவோன். ரெண்டே ரெண்டு கோடு."

அவள் பேட்டரியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"என்ன இது?"

"அலாரத்தோட பேட்டரி. அவன் சட்டைப்பைல இருந்துச்சு. நான் எழுந்துக்கக் கூடாதுன்னு கழட்டி வச்சிருக்கான்."

ஆர்லன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். புரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்தபோது அவன் கண்கள் கலங்கின.

"எவ்வளவு உறுதி பாரு, அந்த மனுஷனுக்கு" என்றான்.

லவோன் அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்து பேட்டரியை எடுத்துக்கொண்டு டிரக்கில் ஏறினாள்.

ட்வைலா பாதையின் ஓரத்தில் நின்றிருந்தாள். ட்ரெய்லரின் பின்பக்கம் புதரில் இடிக்காமல் இருக்க, கேட்காமலே கை காட்டினாள். வண்டி தார் ரோட்டுக்கு ஏறியதும் கையை இறக்கிக்கொண்டாள்.

இருபத்திரண்டு மைலும் முப்பது மைல் வேகத்தில் போனாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போனார்கள். பூங்கா அலுவலகத்தில் இருந்த பெண், "எத்தனை நாளுக்கு?" என்று கேட்டாள்.

"தெரியலை."

"உங்க வீட்டுக்காரர் ரிவர்ஸ் எடுப்பாரா, இல்ல நான் யாரையாவது கை காட்ட அனுப்பட்டுமா?"

"நானே எடுத்துக்குறேன்."

ஏழு தடவை முன்னும் பின்னும் போனாள். ட்ரெய்லர் கோணலாகத்தான் நின்றது. அப்படியே விட்டுவிட்டாள். டிரக்கின் பின்பெட்டியிலிருந்து ஒயரை எடுத்தாள். நான்கு வருடமாகச் சுருண்டே கிடந்ததால் அது நிமிர மறுத்தது. காலால் மிதித்து நீட்டி, ஒரு முனையை ட்ரெய்லரிலும் மறுமுனையைக் கம்பத்திலும் சொருகி, சுவிட்சைப் போட்டாள்.

உள்ளே எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. சமையலறை அடுப்புக் கடிகாரம் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று மின்னியது. படுக்கையறையிலிருந்து நீளமாக ஒரு கீச்சொலி வந்தது, அதன் பின்னால் சீரான உறுமல். மிஷினின் சுவிட்சை யாரும் அணைத்திருக்கவில்லை.

லவோன் கோட்டோடு போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பேட்டரியை மிஷினின் முதுகில் அதன் இடத்தில் மாட்டி மூடினாள். குழாயின் நுனி மெர்லின் தலையணைமேல் விழுந்த இடத்திலேயே கிடந்தது. காற்று வந்துகொண்டிருந்தது. தலையணை உறையின் ஓரம் மெல்ல மேலெழுந்து அடங்கியது, மறுபடி மேலெழுந்து அடங்கியது.