செருமல்காரரின் பத்து மணி

கடற்படை அலுவலகத்து நேரடித் தொலைபேசியை ஊரில் சிவப்புத் தொலைபேசி என்பார்கள். உண்மையில் அது பழுப்பு நிறம்; ரிசீவரில் விரிசல் விட்ட இடத்தில் டேப் ஒட்டியிருந்தது. சனி, ஞாயிறு தவிர, ஒற்றைப்படைத் தேதிகளில் எதிர்த்தரப்புக் கடற்படை கூப்பிடும். இரட்டைப்படைத் தேதிகளில் இவர்கள் கூப்பிட வேண்டும். இரு பக்கமும் சொல்வது ஒன்றேதான்: "மணி பத்து. இங்கே எல்லாம் சரி." அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. முறை மாற்றிக் கூப்பிடவும் கூடாது.

அந்த அறையில் எதிர்த்தரப்பின் மொழி தெரிந்தவள் மொழிபெயர்ப்பாளர் ஒருத்திதான். ஆறு வருடமாக அவள் கேட்டுவந்த குரல், பேசுமுன் தொண்டையைச் செருமிக்கொள்ளும். அவளுடைய தம்பி அவருக்குச் செருமல்காரர் என்று பேர் வைத்தான். "உன் ஆளு இன்னைக்கும் செருமினாராக்கா? ஒரு இருமல் மிட்டாய் வாங்கி அனுப்பேன்" என்பான்.

தம்பி ரோந்துப் படகில் இயந்திரம் பார்ப்பவன். கடல் நடுவே இரு தரப்பும் உரிமை கோரும் ஒரு மணல்திட்டு. இரண்டு நாடுகளும் செழிக்கச் செழிக்க, ஆள் நிற்க இடமில்லாத அந்தத் திட்டுக்கு மவுசு ஏறிக்கொண்டே போனது. அதன் பக்கத்தில் காவலுக்குப் போகிறான் என்றதும், வெள்ளிக்கிழமை பத்து மணிப் பேச்சு முடிந்ததும் அவள் அரை நாள் லீவு போட்டு அவனை வழியனுப்பிவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை ஒற்றைப்படைத் தேதி. பத்து மணிக்குத் தொலைபேசி அடிக்கவில்லை.

பத்தேகாலுக்குள் அழைப்பு வராவிட்டால் படகுகள் திட்டை நோக்கி முன்னேற வேண்டும் என்பது நிலையான உத்தரவு. அதிகாரி பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். இந்நேரம் தம்பி இயந்திர அறையில், வெளியே நடப்பது எதுவும் தெரியாமல், எண்ணெய்க் கையோடு நின்றிருப்பான்.

"நாமளே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாமா சார்?"

"முறை அவங்களோடது. நாம கூப்பிட்டா பயந்துட்டோம்னு நினைப்பாங்க."

"பயந்துதானே சார் இருக்கோம்."

பத்தேகாலுக்கு அவர் இன்னொரு தொலைபேசியை எடுத்து, டீ சொல்லும் குரலில் உத்தரவைச் சொன்னார்.

பத்தரைக்கு மணி அடித்தது. பாய்ந்து எடுத்தாள். முதலில் அந்தச் செருமல். பிறகு, என்றைக்கும்போல நிதானமாக: "மணி பத்து. இங்கே எல்லாம் சரி."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் கடிதத் தட்டைப் பார்த்தாள். பத்து மணிப் பேச்சு முடிந்தபிறகே தட்டைத் தொடுவது அவள் வழக்கம். அதில் வெள்ளிக்கிழமை அவள் கிளம்பியபிறகு எதிர்த்தரப்பிடமிருந்து வந்த உறை பிரிக்காமல் கிடந்தது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு கிழித்தாள். திங்கள் முதல் தங்கள் நாட்டுக் கடிகாரங்கள் அரை மணி பின்னுக்கு வைக்கப்படும், மாபெரும் தேசம் பிறர் வகுத்த நேரத்தில் வாழாது என்று எழுதியிருந்தது.

"சுடாதீங்க" என்று செருமல்காரரின் மொழியில் சொன்னாள். "கடிகாரம்தான். கடிதத்தை நான் படிக்கலை. எங்க படகுங்க வருது, சுடாதீங்க."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அதிகாரி கடிதத்தை அவள் கையிலிருந்து பிடுங்கினார். திரும்பி வரச்சொல்லி அவர் கத்தியது தாழ்வாரம்வரை கேட்டது.

போன மூன்று படகுகளில் இரண்டு சாயங்காலம் கரைக்கு வந்தன. நீ மட்டும் பேசியிருக்காவிட்டால் அவையும் வந்திருக்காது என்றார் அதிகாரி. இறங்கிய ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தம்பியின் படகு வரவில்லை.

மறுநாள் இரட்டைப்படைத் தேதி, இவர்கள் முறை. வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை, அந்த மொழி தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் பத்தரை ஆகும்வரை காத்திருந்து கூப்பிட்டாள்.

"மணி பத்து" என்றாள். மீதியைச் சொல்ல நேரமானது. "இங்கே எல்லாம் சரி."

எதிர்முனையில் செருமல் இல்லை. பழகிய அதே குரல் அதையே, மெதுவாகச் சொன்னது. வாக்கியம் முடிந்தபிறகும் இருவரும் ரிசீவரை வைக்கவில்லை.