நான்கெழுத்து விற்ற ஜவாத் ஹாஜியார்

சாய்ந்தமருது பிரதான வீதியில் எழுதுபொருட் கடையும் பிரதியெடுக்கும் இயந்திரங்கள் இரண்டும் வைத்திருந்த ஜவாத் ஹாஜியாரைப் பற்றி ஊர் சொல்லும் சொல் ஒன்றுதான்: பேணுதலான மனிதர். இயந்திரம் தாளின் ஓரத்தில் கறுப்புக் கோடொன்றை இழுத்துவிட்டால், வாங்க வந்தவர் கண்ணில் அது படாதபோதும், தாமே விரல் வைத்துக் காட்டி, அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு வேறொன்று எடுத்துக் கொடுப்பார். அளவையில் மோசம் செய்து அழிந்ததாகக் குர்ஆன் கூறும் கூட்டத்தாரின் வரலாற்றைக் காதால் கேட்டவர்கள் பலர். கையால் கேட்டவர் அவர்.

அத்தகையவரிடம் அரும்பொருள் ஒன்று இருப்பது பதினான்கு ஆண்டுகளாக அவருக்கே தெரியாமல் இருந்தது. கடைக்கு ஓர் இணையத்தளம் வேண்டுமென்று எவரோ சொன்ன காலத்தில், மனைவி ஹாஜறா, மகள்மார் நபீஸா, றுஸ்தா, ஆகிலா ஆகிய நால்வரின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து ஓர் இணைய முகவரியை அவர் தம் பெயரில் பதிந்தார். வாயால் உச்சரிக்க வராத நான்கெழுத்து அது. பெயர் பதிந்ததோடு சரி, தளம் எழும்பவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் கட்டணத்தைத் தவறாமல் கட்டிவந்தார். மனைவி மக்களின் பெயர் காலாவதியாவது நல்லதாகப் படவில்லை. சகுனம் பார்ப்பது மார்க்கத்தில் இல்லையாகையால், அந்த அச்சத்துக்குக் கடமையுணர்வு என்று பெயர் சூட்டிக்கொண்டார்.

அந்தக் கரையோரத்தில் மகனைப் பெற்றவர் மணமகனைக் கொடுப்பார்; மகளைப் பெற்றவர் வீட்டைக் கொடுப்பார். நபீஸாவுக்கும் றுஸ்தாவுக்கும் வீடு கட்டிக் கொடுத்ததில் கடையின் ஈரல் கரைந்துவிட்டது. இளையவள் ஆகிலாவின் வீட்டுச் சுவர்கள் எட்டு மாதமாக மேலே ஒன்றுமின்றி மழையை வாங்கிக்கொண்டிருந்தன. நிந்தவூரில் அரிசி ஆலை வைத்திருந்த மீராசாஹிபு தம் மகன் றிப்திக்கு அவளைப் பேசி முடித்திருந்தார். "அவசரமில்ல சம்பந்தி. கூரைக்குக் கொங்கிறீட் தட்டப் போட்டதும் கலியாணத்துக்கு நாள் வெப்பம்" என்று அவர் மாதம் ஒருமுறை அவசரமின்றி நினைவூட்டுவார்.

அவ்வேளையில் இலண்டனிலிருந்து மின்னஞ்சல் வந்தது. யூசுஃப் ஹாரிஸ் என்பது அனுப்பியவர் பெயர். ஸலாம் கூறி, நலம் விசாரித்து, அந்த நான்கெழுத்து முகவரியைத் தமக்கு விற்க முடியுமா, பதினெட்டாயிரம் டொலர் தரலாம் என்று எழுதியிருந்தார். எந்தச் சொல்லாக இருந்தாலும் நான்கே எழுத்துக்கொண்ட முகவரிகளுக்கு உலகில் அவ்வளவு கிராக்கி என்பதை ஜவாத் அன்றுதான் அறிந்தார். விசாரித்துப் பார்த்ததில் அது மெய்யாகவே இருந்தது.

"நாலு எழுத்துக்குப் பதினெட்டாயிரம் டொலரா?" என்றார் ஹாஜறா. "அதில எண்ட எழுத்துக்கு எவ்வளவு வருதெண்டு பிரிச்சுச் சொல்லுங்களன்."

"நாலாயிரத்தி ஐநூறு."

"முப்பத்திமூணு வருசம் ஒங்களோட குடும்பம் நடத்தி, இண்டைக்குத்தான் எனக்கொரு வில வந்திருக்கு."

விற்பவர் பொருளின் குறையை மறைக்கலாகாது என்பது மார்க்கம். ஆகவே ஜவாத் ஒரு முழு முற்பகலைச் செலவிட்டுப் பதில் எழுதினார். இந்தப் பெயருக்குப் பொருள் கிடையாது, இதில் ஒருநாளும் தளம் இயங்கியதில்லை, பதிவு முடிய நான்கு மாதமே உண்டு, யோசித்து வாங்கவும். மூன்று நிமிடத்தில் மறுமொழி வந்தது: "குறைகளோடு ஏற்றுக்கொள்கிறேன், சகோதரரே." கல்முனைச் சந்தையில் ஒரு முழம் கயிறு வாங்குகிறவன்கூட முறுக்கைப் பிரித்துப் பார்த்து மூன்று குறை சொல்வான். தாமே சொன்ன குறைகளையும் பேரம் பேசாமல் ஏற்கும் மனிதர் இந்தக் காலத்திலும் இருக்கிறாரே என்று ஜவாத் நெகிழ்ந்தார். பேரம் பேசாதவனுக்கு விலை கொடுக்கும் எண்ணமே இல்லாதிருக்கக்கூடும் என்பது நெகிழ்ந்த உள்ளத்தில் எழவில்லை.

இவ்வகை விற்பனைகளுக்கென்று நடுநின்று பணத்தைப் பிடித்துவைக்கும் நிறுவனங்கள் உண்டு. வாங்குபவர் பணத்தை அங்கே கட்டுவார். பொருள் கைமாறிய பின்பு அது விற்பவரைச் சேரும். அவ்வழியே போகலாமா என்று யூசுஃப் ஹாரிஸ்தான் முதலில் கேட்டார். ஜவாத் அந்நிறுவனம் ஒன்றின் விதிகளை வாசித்தார். கிடக்கும் பணம் வங்கியில் வட்டி ஈட்டும் என்று ஓரிடத்தில் கண்டிருந்தது. வட்டியின் நிழல் விழுந்த இடத்தில் தம் மகளின் கூரை நிற்க வேண்டாம் என்று முடிவு செய்தார். அதே பக்கத்தில், விற்பவர் பங்குக்கு முந்நூறு டொலர் கட்டணம் என்றும் கண்டிருந்தது. இரண்டையும் ஒரே மூச்சில்தான் வாசித்தார். மௌலவியிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, "அதில் குற்றமில்லை" என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

நேரடியாகவே பணம் அனுப்புமாறு எழுதினார். "தங்களைப் போன்ற பேணுதலானவரைக் கண்டதில்லை" என்று இலண்டனிலிருந்து விடை வந்தது. அந்த ஒரு வாக்கியமாவது முழு உண்மையாக இருந்திருக்கும்.

கடனட்டையால் கட்டுவதாக யூசுஃப் ஹாரிஸ் எழுதினார். வெளிநாட்டு அட்டைப் பணத்தை வாங்கும் கணக்கு ஜவாதிடம் இல்லை. தோஹாவில் வேலை செய்த மூத்த மருமகன் ஸஹீதிடம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பதினெட்டாயிரமும் அக்கணக்கில் வந்திறங்கியது. ஸஹீத் அதைத் திரையோடு படமெடுத்து அனுப்பினார். அன்று நண்பகலில் ஓய்வூதியத் தாள்களைப் பிரதியெடுக்கப் பாண்டிருப்பிலிருந்து கனகரெத்தினம் வந்தார். முப்பது ஆண்டு வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். படத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"கார்ட்டால வந்த காசோ தம்பி?"

"ஓம் ஐயா."

"எண்டா ரெண்டு மாசம் பொறுத்துப் பொருளக் குடுங்க. கார்ட் காசு ஊத்தின கையோட கிடக்கிற கொங்கிறீட் மாதிரி. பாக்க இறுகினாப்போலதான் இருக்கும். கால வெச்சாத்தான் தெரியும்."

"வில கைக்கு வந்த பிறகும் பொருளப் பிடிச்சு வெச்சிருந்தா அது கியானத்து ஐயா."

"அப்பிடியெண்டா?"

"நம்பிக்கத் துரோகம்."

"அதத்தான் நானும் சொல்லுறன். அத யார் செய்யப் போறாங்க எண்டதுதான் கேள்வி."

ஜவாத் புன்னகைத்தார். பிரதிக்கான காசையும் அன்று வாங்கவில்லை. ளுஹர் தொழுகை முடித்து வந்ததும், பெயரின் பூட்டைத் திறக்கும் குறியீட்டை யூசுஃப் ஹாரிஸுக்கு அனுப்பினார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் முன்பே நான்கெழுத்தும் கைமாறிவிட்டன. ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைத்த நிறைவில் அன்றைய தொழுகை அவருக்கு மிக இனித்தது.

ஸஹீத் பணத்தை ஊருக்கு அனுப்ப, அது ஐம்பத்து நான்கு இலட்சம் ரூபாவாக வந்து, கம்பியும் சீமெந்துமாக மாறி, பதினைந்தாம் நாள் ஆகிலா வீட்டின் தலைமேல் ஏறியது. ஊருக்குள் செய்தியும் ஏறியது. மருதமுனைக்குப் போகும்போது பதினெட்டாயிரம் எண்பதாயிரமாயிற்று. அக்கரைப்பற்று பஸ் நிலையத்தை அடையும்போது இரண்டு இலட்சம் டொலர். தேநீர்க் கடைகளில் பெரியவர்கள் தத்தம் பேரப்பிள்ளைகளின் முதலெழுத்துக்களைக் கூட்டிப் பார்த்தார்கள்.

இருபத்துமூன்றாம் நாள் தோஹாவிலிருந்து ஸஹீத் அழைத்தார்.

"மாமா, கணக்கில ஒரு கோடு விழுந்திருக்கு."

"என்ன கோடு மகன்?"

"கழித்தல் கோடு மாமா. பதினெட்டாயிரத்துக்கு முன்னால."

பணம் கட்டிய அட்டை யூசுஃப் ஹாரிஸுடையது அன்று. கனடாவில் இருக்கும் ஒரு பல் வைத்தியருடையது. இந்தச் செலவு என்னுடையதல்ல என்று அந்த அம்மணி முறையிட, அவருடைய வங்கி பணத்தைத் திருப்பி இழுத்துக்கொண்டது. கணக்கில் பணம் இல்லாததால் அது கடனாகி ஸஹீதின் தலையில் நின்றது. இலண்டன் முகவரிக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் பெறுபவர் இல்லையென்று திரும்பின. நான்கெழுத்தோ அதற்குள் மேலும் இரண்டு கை மாறியிருந்தது. பெயர்ப் பதிவு நிறுவனம், குறியீட்டைத் தாங்களே மனமுவந்து கொடுத்திருக்கிறீர்கள் என்று மரியாதையாக எழுதியது. பொலிஸில் முறைப்பாடும் எழுதப்பட்டது. யார்மேல் என்பது எழுதியவருக்கும் தெரியவில்லை, எழுதிக்கொண்டவருக்கும் தெரியவில்லை.

"நான் ஒங்களக் குத்தம் சொல்லல்ல மாமா" என்றார் ஸஹீத். "ரெண்டு மாசத்துக்குள்ள கட்டாட்டி இஞ்ச கேஸ் போடுவானுகள். பிறகு நான் ஊருக்கு வரவும் ஏலாது. நபீஸாட்ட மட்டும் சொல்லாதீங்க."

ஜவாத் மகளின் வீட்டுக்குப் போய், முட்டுக் கம்புகளுக்கிடையே நின்று மேலே பார்த்தார். வட்டியின் நிழல்கூட விழாமல் காத்த கூரை முழுவதும் களவுப் பணம். நெடுநேரம் நின்றபின் ஓர் ஆறுதல் தோன்றியது: உடையவளுக்கு உடையது போய்ச் சேர்ந்துவிட்டதே, இனி இது களவல்ல, வெறும் கடன். அந்த ஆறுதலுக்குப் பின்னாலேயே முந்நூறு டொலரும் வந்து நின்றது. நடுநின்ற நிறுவனத்தைத் தவிர்த்தது அந்தக் கட்டணத்துக்காகவும்தான் என்று, எவரும் கேளாத இடத்தில், தமக்குத் தாமே ஒப்புக்கொண்டார்.

மறுநாள் அஸருக்குப் பின் மீராசாஹிபு கடைக்கு வந்தார். கையில் ஒரு கோப்பு.

"சம்பந்தி, தட்டப் பாத்துட்டுத்தான் வாறன். மாஷா அல்லாஹ். இனி நாள் வெப்பம்" என்று அமர்ந்தவர் குரலைத் தாழ்த்தினார். "நானும் சும்மா இருக்கல்ல. இண்டர்நெட்டில இருபத்திரெண்டு முகவரி பதிஞ்சிருக்கன். ஆலைட பேருக்கு லண்டன்ல இருந்து ஒரு சகோதரர் இருபத்தையாயிரம் சொல்லியிருக்கார். முதல்ல ஒரு மதிப்பீட்டுச் சான்றிதழ் எடுக்கட்டாம். நாநூறு டொலர்தான். எங்க எடுக்கிறதெண்டும் அவரே சொல்லித்தந்திருக்கார். நீங்களும் எடுத்தீங்களா?"

ஜவாதின் கை கல்லாப்பெட்டியின்மேல் நின்றது. வாய் திறந்தால் கூரை கடனில் நிற்பது வெளிப்படும். திருமணம் எந்தக் காற்றில் போகுமோ தெரியாது. வாய் மூடினால், குறையைக் கண்டும் காட்டாத வணிகராவார். கறுப்புக் கோட்டுக்கு விரல் வைப்பது எவ்வளவு எளிது.

"அனுப்பாதீங்க சம்பந்தி" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வட்டியைச் சொன்னார், முந்நூறு டொலரையும் சொன்னார். பல் வைத்தியரை, ஸஹீதை, ஐம்பத்து நான்கு இலட்சக் கடனைச் சொன்னார். கடைசியில் கைபேசியை எடுத்து, கழித்தல் கோட்டோடு ஸஹீத் பிறகு அனுப்பிய படத்தைக் காட்டினார்.

மீராசாஹிபு படத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"இந்தக் கோடு வரிக்காரனுக்குக் காட்டுறதுக்குத்தானே?"

"வல்லாஹி, உண்ம சம்பந்தி."

"சத்தியம் எல்லாம் என்னத்துக்கு? ஒங்கட ஆள எனக்குக் காட்ட மனமில்லாட்டி விடுங்க. நான் கோவிக்க மாட்டன்." எழுந்து கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "காசு வந்தும் வரல்ல எண்டு கதைக்கிற மனிசன் சம்பந்தியா வாறதும் அல்லாஹ்ட ஒரு றஹ்மத்துத்தான். அடுத்த மாசமே நிக்காஹ் வெப்பம்."

ஐம்பத்தெட்டு ஆண்டுகளில் ஜவாத் சொன்ன சொல்லை ஒருவர் நம்பாமல் போனது அதுவே முதல்முறை. இத்தனை விலை கொடுத்து அவர் ஓர் உண்மையைச் சொன்னதும் அதுவே முதல்முறை.

இரவுச் சாப்பாட்டின்போது ஹாஜறா கேட்டார்: "சொன்னீங்களா?"

"சொன்னன்."

"என்ன சொன்னார்?"

"நாள் வெக்கட்டாம்."

ஹாஜறா கறிச்சட்டியின் மூடியைச் சத்தமில்லாமல் வைத்தார். "நாநூற அனுப்புவாரா?"

"அனுப்புவார்."

"நீங்க வேற ஆளா இருந்திருந்தா நம்பியிருப்பார். 'ஏமாந்துட்டன்' எண்டு சொன்னா நம்புற மாதிரி முகம் ஊரில ஒங்களுக்கு மட்டும்தான் இல்ல."

கடன் நின்றது. நாவிதன்வெளியில் தாய்வழி வந்த இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. ஆண்டுச் சோற்றுக்கும் முதுமைக்கும் ஆகட்டும் என்று, மூன்று மகள்மாருக்கு வீடு கட்டியபோதும் விற்காமல் வைத்திருந்தது. அதை விற்கப் போவதாகச் சொன்னபோது தரகர் காரணம் கேட்டார்; ஜவாத் காரணத்தைச் சொன்னார். "சரி ஹாஜியார், எனக்கும் அப்பிடியே சொல்லுங்க" என்று தரகர் கண்ணைச் சிமிட்டினார். டொலரில் புரள்கிறவர் வயலைக் கழிக்கிறார் என்றால் வயலில் ஏதோ கோளாறு என்று வாங்குபவர் இரண்டு இலட்சம் குறைத்துக் கேட்டார். கோளாறு ஒன்றுமில்லை என்று ஜவாத் சொன்னார். அதுவும் எடுபடவில்லை.

வயலுக்கு உறுதி எழுதும் நாள் வந்தது. நொத்தாரிசின் மேசையில் வாங்குபவர் காசோலை ஒன்றை வைத்தார். அவர் பல வயல்களுக்கு உடையவரான, ஊரறிந்த போடியார், சொன்ன சொல் மாறாதவர். ஜவாத் பேனாவை மூடி வைத்தார்.

"மன்னிக்கணும். பணம் வங்கியில விழுந்து, அவங்க எழுத்தில தந்த பிறகுதான் கையெழுத்து."

"என்னத் தெரியாதா ஹாஜியார்?"

"தெரியும்."

போடியாரின் முகம் கறுத்தது. மூன்று நாள் எல்லாரும் காத்திருந்தார்கள். நான்காம் நாள் வங்கிக் கடிதம் வந்தபின் ஜவாத் ஒப்பமிட்டார். அன்றைக்கே பணத்தைத் தோஹாவுக்கு அனுப்பிவைத்தார். கணக்கில் கோடு நீங்கிவிட்டதென்று ஸஹீதிடமிருந்து செய்தி வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்புத் தேடியபோது, முன்னால் இருவர் பேசிக்கொண்டு போனது அவர் காதில் விழுந்தது. "போடியார்ர காசோலையையே நம்பல்லையாம்."

"முந்தி எப்பிடியான மனிசன்" என்றார் மற்றவர். "காசு வந்தா ஆள் மாறித்தான் போறாங்க."