அடைப்பில்லாத கான்

ராகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் ஜூட்சனைப் போலக் கான் வெட்ட ஆள் இல்லை என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கே சொல்லியிருக்கிறார். தேயிலைச் சரிவில் மழை மண்ணை வாரிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக, அவன் வெட்டும் கான் வாய்க்காலுக்குள் இடையிடையே மண் அடைப்பு விட்டிருப்பான். தண்ணீர் ஒவ்வோர் அடைப்பிலும் நின்று, வண்டலை இறக்கிவிட்டு, மெல்லத் தாண்டிப் போகும். கல்யாணமான பிறகு முதன்முறையாக அவனுக்கும் மெரினாவுக்கும் அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே ஒரு துண்டு நிலம் கிடைத்தது. பட்டாணி போட்டார்கள். அங்கேயும் அவன் அதே மாதிரிக் கான் வெட்டினான். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

கொடி முழங்கால் உயரம் வந்தபோது அடி இலைகள் மஞ்சளாயின.

மெரினா எதையும் லேசில் நம்பாதவள், தன்னையே நம்பமாட்டாள். கதவைப் பூட்டிவிட்டு லயத்து முனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வருவாள். செடிக்குத் தாகம் என்று நினைத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்து ஊற்றினாள். மஞ்சள் மேலே ஏறியது. பிறகுதான் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் தேன் நிறத்தில் குழைந்திருந்தது. விரலால் இழுத்ததும் தோல் உறைபோலக் கழன்று, நடுவிலிருந்த நரம்பு மட்டும் நூலாகக் கையில் மிஞ்சியது. ஒரு செடியை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று மேட்டுப் பக்கம் ஒன்றும் கான் ஓரம் இரண்டுமாகப் பிடுங்கினாள். மேட்டுச் செடியின் வேர் வெள்ளையாக இருந்தது. கான் ஓரத்து வேர்கள் எல்லாம் ஒரே குழைவு.

அவற்றைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு ராகலைக்கு பஸ் ஏறினாள். விவசாய அலுவலகத்தில் இருந்த சிங்கள அதிகாரி வேரை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, தங்கையைக் கூப்பிடுவதுபோல் பேசினார்.

"நங்கி, இது வேர் அழுகல். வந்த செடிக்கு மருந்து இல்ல. தண்ணி நிக்கிற எடத்துலதான் இது பரவும். தண்ணிய வெளியில விடுங்க. நோய் வந்ததப் புடுங்கி எரிச்சிருங்க. அந்த மண்ணு காலுல, மம்பட்டியில ஒட்டிக்கிட்டு வேற பாத்திக்குப் போகக் கூடாது. இன்னும் சில வருசத்துக்கு அங்க பட்டாணியும் வேணாம், போஞ்சியும் வேணாம். லீக்ஸ் போடுங்க."

"தண்ணி கீழ்ப் பாத்திக்குப் போனா?"

"நோயும் கூடவே போகும்."

கீழ்ப் பாத்தி, பக்கத்துக் காம்பராவில் இருக்கும் ராக்காயி அக்காவுடையது. அங்கே பட்டாணி பூத்து நின்றது. கானைத் திறந்தால் அக்காவின் செடி போகும். திறக்காவிட்டால் மிச்சமிருக்கும் தங்கள் செடியும் போகும். போதாததற்கு, இதைப் புருசனிடம் எப்படிச் சொல்வது? பஸ்ஸில் வரும்போது மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். வீட்டில் நாலாவது விதமாக வந்தது.

"ஏங்க, நம்ம கானு ரொம்ப நல்லா இருக்கு."

"தெரியும்."

"அளவுக்கு மீறி நல்லா இருக்கு. தண்ணி அசையவே மாட்டேங்குது."

ஜூட்சன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். "என்னா சொல்ல வர்ற?"

"தேயிலைன்னா சரிவுல நிக்குது, வேரும் ஆழத்துல கெடக்கு. நம்ம நெலம் தட்டையா இருக்கு. பட்டாணி காலு நனைஞ்சுக்கிட்டே நிக்குதுங்க. நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம்."

அவன் எழுந்து வெளியே போனான். கோபம் என்று நினைத்துக்கொண்டு பின்னால் போனாள். அவன் கான் ஓரத்தில் குந்தியிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிழிந்தான். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது.

"கண்டாக்குக்கு இது தெரிய வேணாம்" என்றான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். "பக்கத்துல கல்லு ஓடை கெடக்கு. அங்க திருப்பிரலாம். ஆனா அக்காவோட லீக்ஸ் வரிசைய வெட்டித்தான் போகணும்."

ராக்காயி வாசலில் துணி உதறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க பட்டாணிக்கு நோய்" என்று மெரினா தொடங்கினாள். "ஒங்களுக்கும் வந்துரும். வந்திருக்கவும் கூடும். வராமலும் இருக்கலாம்."

"வந்துருச்சுங்கிறியா, வரலங்கிறியா புள்ள?"

"என் கானுதான் அக்கா காரணம்" என்றான் ஜூட்சன்.

ராக்காயி துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "தோட்டமே தூக்கி வச்சு ஆடுச்சே, அந்தக் கானா?"

"அதேதான்."

"போட்டோ எல்லாம் புடிச்சானுங்களேப்பா!"

"போதும் அக்கா."

லீக்ஸ் வரிசையைச் சொன்னதும் அவள் சிரிப்பு நின்றது. இன்னும் விரல் தடிப்புகூட வரவில்லை என்று முனகினாள். பூத்து நிற்கும் பட்டாணிப் பக்கம் பார்த்தாள். மறுபடி லீக்ஸைப் பார்த்தாள்.

"என்கிட்ட சொல்லாமலே தொறந்து விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சா இருக்கும்?"

"தெரிஞ்சிருக்காது" என்றாள் மெரினா. "ஆனா நான் தூங்கியிருக்க மாட்டேன் அக்கா."

"மத்த நாள்ல மட்டும் தூங்கிட்டியாக்கும்! நேத்தும் பூட்ட இழுத்துக்கிட்டு நின்னியே." ராக்காயி செருப்பை மாட்டினாள். "ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயிட்டு வாங்க. லீக்ஸ நானே புடுங்கித் தாரேன். ஓம் புருசன் மம்பட்டி பட்டா ஒண்ணும் மிஞ்சாது."

ஞாயிற்றுக்கிழமை ஜூட்சன் ஓடைப் பக்கமிருந்து மேல்நோக்கி வெட்டினான். ராக்காயியின் பட்டாணிப் பக்கம் மண்ணை உயர்த்தி வரப்புக் கட்டினான். இடையிடையே அவன் மம்பட்டி தயங்கியது.

"என்னா தம்பி, அடைப்பு விடணும்னு கை அரிக்குதா?" என்றாள் ராக்காயி. அவன் நேராகவே வெட்டினான்.

மெரினா நோய்ச் செடிகளைப் பிடுங்கி அங்கேயே எரித்தாள். பாதி நிலம் வெறுமையானது. கடைசியில் ஜூட்சன் பழைய அடைப்புகளைத் தன் கையாலேயே உடைத்தான். அக்காவின் பாத்திக்கு இறங்குமுன் மூவரும் பீலியில் காலைக் கழுவினார்கள். மம்பட்டியை மெரினா இரண்டாந்தரமும் கழுவினாள்.

அந்த வாரமே மழை அடித்தது. தண்ணீர் எங்கும் நிற்காமல் கல்லோடைக்குப் போய் விழுந்தது. மேட்டுச் செடிகள் பச்சையாகவே நின்றன. வெறும் பாதியில் லீக்ஸ் நாற்று வைத்தார்கள். முதல் கட்டு ராக்காயிக்கு என்று பேச்சு.

கீழே அக்காவின் செடியில் காய் திரண்டது. இலையிலும் மஞ்சள் இல்லை. அப்படியும் மெரினாவுக்கு மனம் ஆறவில்லை. ஒரு சாயந்தரம் வரப்போரத்தில் நின்ற ஒரு செடியை மெல்லப் பிடுங்கினாள்.

"அடியே! காய்ச்ச செடியவா புடுங்குற?"

ராக்காயி பின்னாலேயே நின்றாள். மெரினா வேரை நீட்டிக் காட்டினாள். வெள்ளை வேர், அதில் நல்ல பட்டாணி வேருக்கே உரிய சின்னச் சின்ன முடிச்சுகள். இழுத்துப் பார்த்தாள். தோல் கழலவில்லை.

"இன்னும் ஒண்ணு புடுங்கிப் பாத்தா நிச்சயமாத் தெரிஞ்சிரும் அக்கா."

"கைய ஒடிச்சிருவேன்."

ராக்காயி அவள் கையிலிருந்த செடியைப் பறித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். காய்களை உரித்துப் பாதியை மெரினாவின் உள்ளங்கையில் கொட்டினாள். பச்சைப் பட்டாணி இனித்தது. மேலே லயத்து வாசலிலிருந்து ஜூட்சன் குரல் கொடுத்தான்.

"என்னாச்சு?"

மெரினாவுக்கு வாய் நிறையப் பட்டாணி. ராக்காயிதான் திரும்பிக் கத்தினாள்.

"வேரு வெள்ள வெளேர்னு இருக்கு! நீ ஒண்ணும் வெட்ட வேணாம், சும்மா இரு!"